எக்செல் ட்ரெண்ட்லைன் காட்டும் சமன்பாட்டில் எண்ணைப் போட்டால் விடை ஏன் தப்பாக வருகிறது?

நீங்கள் போட்டது லைன் சார்ட்டாகத்தான் இருக்கும். நானும் அந்தக் குழியில் விழுந்து எழுந்தவன்தான்.

தண்ணீர் பரிசோதிக்கும் ஒரு தனியார் லேப்பில் சேர்ந்த புதிது. இரும்புக்கு ஸ்டாண்டர்டு (அளவு முன்பே தெரிந்த கரைசல்) லிட்டருக்கு 0, 0.5, 1, 2, 4 மில்லிகிராம். பினாந்த்ரோலின் என்ற ரசாயனம் சேர்த்தால் ஆரஞ்சு நிறம் வரும், அது 510 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்தால் ரீடிங் 0, 0.1, 0.2, 0.4, 0.8 (கணக்குக்கு வசதியாக முழுதாக்கிச் சொல்கிறேன், சண்டைக்கு வராதீர்கள்). லைன் சார்ட் போட்டு, புள்ளிகளை ஒட்டிப் போகும் ட்ரெண்ட்லைன் கோட்டையும் போட்டேன், ஒய் = 0.19 எக்ஸ் − 0.27 என்று வந்தது (ஒய் ரீடிங், எக்ஸ் இரும்பின் அளவு). அதை வைத்தே அன்று வந்த போர்வெல் தண்ணீருக்கெல்லாம் ரிசல்ட் எழுதினேன். ரீடிங் 0.06 இருந்த சாம்பிளுக்கு இரும்பு 1.74 மில்லிகிராம். சீனியர் அக்கா எட்டிப் பார்த்து, "தம்பி, பிளாங்க்குக்கு எவ்வளவு வருதுன்னு போட்டுப் பாரு" என்றார். பிளாங்க் என்பது இரும்பே சேர்க்காத டிஸ்டில்டு வாட்டர். ரீடிங் சைபர்தானே என்று போட்டால் 1.42 வருகிறது. டிஸ்டில்டு வாட்டரில் இரும்பு!

விஷயம் இதுதான். லைன் சார்ட் உங்கள் எக்ஸ் எண்களை வெறும் பெயராகக் கீழே ஒட்டிவிட்டு, கணக்குக்கு 1, 2, 3, 4, 5 என்று தானாக வைத்துக்கொள்ளும். எக்ஸை எண்ணாகவே எடுத்துக்கொள்ளும் ஸ்கேட்டர் சார்ட்டுக்கு மாற்றியதும் ஒய் = 0.2 எக்ஸ், அந்த சாம்பிள் 0.3. லைன் சார்ட்டில் ஆர் ஸ்கொயர் (கோடு புள்ளிகளோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற எண், 1 என்றால் கச்சிதம்) 0.90 வந்தபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா என்பீர்கள். 90 மார்க்குக்கு எங்கள் வீட்டில் மிட்டாயே கொடுப்பார்கள், எனக்கு எங்கிருந்து சந்தேகம் வரும்?

இதற்காக மேனேஜர் என்னை எல்லார் முன்னாலும் திட்டினார்.

ஸ்கேட்டர்தான் போட்டேன், அப்படியும் தப்பு என்றால் கோளாறு தசமத்தில். சார்ட்டில் 2ஈ-05 (அதாவது 0.00002) என்று சுருக்கித் தெரிவது உள்ளே 0.000015 முதல் 0.000025 வரை எதுவாகவும் இருக்கலாம். எக்ஸ் 1000, அதுவும் ஸ்கொயர் என்றால், அந்த ஒரு உறுப்பே 15-ஆ 25-ஆ என்று தெரியாது. சமன்பாட்டின் மேல் ரைட் கிளிக் செய்து, ஃபார்மேட்டில் சயின்டிஃபிக் வைத்து, தசமத்தைப் பத்துக்கு மேல் ஏற்றுங்கள். நேர்கோடுதான் என்றால் சார்ட்டைப் பார்த்து எழுதவே வேண்டாம், செல்லிலேயே ஸ்லோப், இன்டர்செப்ட் ஃபார்முலா போடுங்கள். அப்புறம் அதே சமன்பாட்டில் உங்கள் ஸ்டாண்டர்டுகளையே திருப்பிப் போட்டு, சரியான அளவு வருகிறதா என்று பாருங்கள்.