வாசகர் கேள்வி: நான்காம் மாடிக்குப் பூனையா, நாயா?

கேள்வி: டொக்டர், நாங்கள் வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் நான்காம் மாடியில் இருக்கிறோம். இவர் புறக்கோட்டையில் கடை வைத்திருக்கிறார். எனக்குப் பம்பலப்பிட்டியில் வங்கி வேலை. காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால் வீடு திரும்ப ஆறு மணியாகும். 11 வயது மகன் நாய்தான் வேண்டும், அதுவும் நீலக்கண் ஹஸ்கிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். இப்போதைக்குக் கீழே காவலாளி சோறு வைக்கிற கறுப்பு நாயோடு அவனுடைய பின்னேரங்கள் போகின்றன. 6 வயது மகளுக்குப் பூனை வேண்டும். எங்களோடு இருக்கும் மாமிக்கு 72 வயது, முழங்கால் வருத்தம், சுத்த சைவம். சாமியறை உள்ள வீட்டுக்குள் நாய் வரக்கூடாது, பூனை குறுக்கே போனால் காரியம் கெடும் என்கிறார். கனடாவுக்கும் விண்ணப்பித்திருக்கிறோம். சரிவந்தால் இரண்டு மூன்று வருடத்தில் போய்விடுவோம். எதை வளர்ப்பது?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: தங்கையே, கனடா பற்றி நீங்கள் எழுதிய வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நாய் சாதாரணமாக 10 முதல் 13 வருடம் இருக்கும். வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை பல வேளைகளில் 15 வருடத்தைத் தாண்டும். இன்று குட்டியைக் கொண்டுவந்தால் உங்கள் மகள் பல்கலைக்கழகம் போகும் வயதிலும் அது இருக்கும். என்னுடைய சிகிச்சை நிலையத்துக்கு ஏதாவது ஒரு குடும்பம் அடிக்கடி இப்படி வந்து நிற்கிறது: விசா கிடைத்துவிட்டது, டிக்கெட் எடுத்தாயிற்று, இன்னும் பத்து நாள்தான், "இதை யாரிடமாவது கொடுத்துவிட முடியுமா டொக்டர்?" நாய் மேசையில் நின்று அவர்களுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். ஏழு வயது நாயை எடுக்க இந்த நகரத்தில் லேசில் ஆள் கிடைப்பதில்லை.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30. எனக்கு அப்போது 17 வயது. யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் வெளியேற வேண்டும் என்ற அறிவிப்பு வந்த அந்த இரவில், மழைக்குள் நாங்களும் நடந்தோம். ஐயாவின் சைக்கிளில் அரிசி மூட்டையும் இரண்டு பெட்டிகளும். எங்கள் நாய் ரைகர் பின்சக்கரத்தை ஒட்டியபடியே வந்தது. செம்மணி தாண்டி நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட, நெரிசலில் அது கண்ணிலிருந்து மறைந்தது. நின்று கூப்பிட்டேன். பின்னால் வந்த சனம் என்னைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அடுத்த வருடம் ஊர் திரும்பியபோது அடுப்படிக் கூரையிலிருந்து எங்கள் சாம்பல் பூனை இறங்கி வந்தது, மெலிந்து, ஒரு காது கிழிந்து. ரைகர் வரவேயில்லை. நாய் ஆட்களோடு போகும், பூனை வீட்டோடு இருக்கும் என்று அம்மம்மா சொல்லுவார். பேராதனையில் படித்து, இத்தனை வருடம் வைத்தியம் பார்த்த பிறகு, அது முழுக்கச் சரியில்லை என்று எனக்குத் தெரியும். பூனையும் தன் ஆட்களைத் தேடும், சாப்பிடாமல் கிடக்கும். ஆனாலும் புறப்படக் காத்திருக்கும் ஒரு குடும்பம் நாய் வளர்க்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் முதலில் எனக்கு வாயில் வருகிறது. அன்று எங்களுக்கு யோசிக்க நேரம் இருக்கவில்லை. உங்களுக்கு இருக்கிறது.

கனடாவை மறந்துவிட்டுப் பார்த்தாலும் உங்கள் வீட்டு மணிக்கூடு நாய்க்கு ஒத்துவராது. மூன்று மாதக் குட்டியால் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. நீங்கள் பத்து மணி நேரம் வெளியே. நடுப்பகலில் அதைக் கீழே கொண்டுபோகப்போவது யார்? முழங்கால் வருத்தத்தோடு மாமியா? மின்சாரம் போய் லிப்ட் நின்றால் நான்கு மாடியும் படிதான். காலுக்குள் ஓடித்திரியும் குட்டி தடுக்கி 72 வயதுப் பெண் விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

ஹஸ்கி பற்றி மகனிடம் நேரடியாகவே பேசுங்கள், பதினொரு வயதுக்கு விளங்கும். சைபீரியாவில் வண்டி இழுக்கப் பிறந்த இனம் அது. உடம்பில் இரண்டு அடுக்கு ரோமம். நமக்குப் போல உடம்பெல்லாம் வியர்த்து அதற்குச் சூடு இறங்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தால்தான் இறங்கும். அந்த ஈரம் காற்றில் உலர வேண்டும். கொழும்புக் காற்றோ ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்தது. 30 பாகை வெயிலில் எவ்வளவு இரைத்தாலும் சூடு போதுமான அளவு இறங்காது. பகல் முழுக்கக் குளிரூட்டி போட்டுத்தான் அதைக் காப்பாற்ற வேண்டும். காலை பத்து மணிக்குப் பிறகு மரைன் டிரைவ் தாரில் அவனுடைய புறங்கையை ஏழு விநாடி வைக்கச் சொல்லுங்கள். அவனால் முடியாவிட்டால் நாயின் பாதத்தாலும் முடியாது.

ஆகவே பூனை. அதுவும் குட்டி வேண்டாம், இரண்டு மூன்று வயதான, கருத்தடை செய்த பூனை. அதன் குணம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். மாமியின் காலைச் சுற்றி ஓடாது. பகலில் பெரும்பாலும் தூங்கும். ஆனால் அதைக் கூட்டிவருமுன் ஒரு வேலை செய்யுங்கள். கனடா சரிவந்தால் கூடவே கொண்டுபோவதா, இல்லையென்றால் யார் எடுப்பார் என்று இன்றே முடிவு செய்து, அந்த ஆளிடமும் பேசிவிடுங்கள். ஒரு பெயரும் கிடைக்காவிட்டால் விசா முடிவு தெரியும்வரை காத்திருங்கள். பிள்ளைகள் அழட்டும், பரவாயில்லை.

மாமியின் சம்மதம் இல்லாமல் எதுவும் வேண்டாம். பகல் முழுவதும் அதனோடு தனியே இருக்கப்போகிறவர் அவர்தானே. சாமியறைக் கதவைச் சாத்தி வைக்கலாம். நாயைப் பற்றிப் பேச்சு வந்தால், நாம் வடைமாலை சாத்திக் கும்பிடும் வைரவருக்கு நாய்தான் வாகனம் என்பதைப் பணிவோடு நினைவூட்டுங்கள். சைவ அடுப்படி என்பது சின்ன விடயமில்லை, அதை முன்கூட்டியே பேசுங்கள். பூனை பிறவியிலேயே மாமிச உண்ணி. டோரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. அது குறைந்தால் காலப்போக்கில் பூனையின் கண் பார்வை போகும், இதயம் பலவீனமாகும். பாற்சோற்றில் பூனை வளராது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலே செமிக்காது. நாய்த் தீனியும் போதாது. பைக்கற்றில் வரும் உலர்ந்த பூனைத் தீனி வாங்கி வேறு அலுமாரியில் வைத்தால் மாமியின் சட்டி பானைக்குக் கிட்ட மீன் வராது.

பல்கனிக்கு வலை அடிக்காமல் பூனையை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். இதை மன்றாடிக் கேட்கிறேன். எப்படி விழுந்தாலும் பூனை காலில் நிற்கும் என்று நம்பி, தாடை உடைந்த, நெஞ்சுக்குள் இரத்தம் கசிந்த பூனைகளைத் துவாயில் சுற்றி என்னிடம் கொண்டுவருகிறார்கள். காகத்தைப் பார்த்துப் பாய்ந்தவைதான் அநேகம். ஜன்னலுக்கும் வலை வேண்டும். காய்ச்சல் என்று நினைத்துப் பரசிட்டமோல் கொடுத்துவிடாதீர்கள். அரை வில்லையே பூனையைக் கொல்லக்கூடும்.

மகனுடைய நாயைப் பற்றி. அவனுக்கு ஏற்கெனவே ஒரு நாய் இருக்கிறது, நீங்கள்தான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. அந்தக் கறுப்பு நாய் கொழும்பு வெயிலுக்குப் பழகியது, வாசலை விட்டு எங்கும் போகாதது. நீங்கள் கனடா போனாலும் அதற்குக் காவலாளி இருப்பார். அதற்கு விசர்நோய்த் தடுப்பூசியும் கருத்தடையும் செய்விப்பதை மகனுடைய பொறுப்பாக்குங்கள். அரசாங்கம் நாய்களுக்கு விசர்நோய்த் தடுப்பூசியை இலவசமாகப் போடுகிறது. ஊசி போட்ட திகதியை அவனே கொப்பியில் எழுதி வைக்கட்டும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக்கூடாது என்று சொல்லிக்கொடுங்கள். நாயோ பூனையோ, கடித்தாலும் கீறினாலும் காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குப் போக வேண்டும். விசர்நோய் வந்தபின் காப்பாற்ற மருந்து இல்லை. பூனையாலும் அது வரும். உங்கள் பூனைக்கும் வருடாவருடம் அந்த ஊசி தவறக்கூடாது.

கேள்வி: மருமகள் மூன்று மாதக் கர்ப்பம். வீட்டில் ஐந்து வருடமாகப் பூனை இருக்கிறது. பிள்ளைக்குக் கூடாது, மீன் சந்தையில் கொண்டுபோய் விடுவோம், அங்கே சாப்பாடு கிடைக்கும் என்கிறான் மகன். நான் என்ன செய்ய?
– ஒரு மாமி, கொட்டாஞ்சேனை

பதில்: அம்மா, மகன் பயப்படுவது டொக்சோபிளாஸ்மா என்ற கிருமிக்கு. பயம் நியாயமானது, அதற்கு அவர் சொல்லும் வழிதான் தவறு. எலியையோ பச்சை இறைச்சியையோ தின்று முதன்முறை தொற்றிய பூனைதான் வழக்கமாக அந்தக் கிருமியை மலத்தில் வெளியேற்றும், அதுவும் ஒரு சில வாரங்களுக்கு. வெளியே வந்த கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். ஆகவே மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்தால் ஆபத்து மிகவும் குறைந்துவிடும். மருமகள் மட்டும் அதைத் தொட வேண்டாம். பூனை வெளியே போகாமல், சமைத்ததையோ பைக்கற் தீனியையோ தின்னட்டும். சரியாக வேகாத இறைச்சி, கழுவாத கீரை, பூச்சாடி மண் இவற்றாலும் இதே கிருமி வரும் என்பதை மருமகளுக்குச் சொல்லுங்கள். கிளினிக்கில் பூனை இருப்பதையும் சொல்லட்டும்.

ஐந்து வருடம் மெத்தையில் படுத்த பூனைக்குச் சந்தைப் பூனைகளோடு மல்லுக்கட்டத் தெரியாது. அப்படி விடப்பட்டவை மீன் லொறிகளுக்கு அடியில் ஒடுங்கிக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தலையைத் தூக்கிப் பார்க்கும். மணல் தட்டு அள்ளும் வேலையை மகனிடமே கொடுங்கள். நாளைக் காலையிலேயே தொடங்கட்டும்.