மருத்துவ இடத்துக்காகக் கடன் வாங்கும் முன்

அன்புள்ள அம்மா,

மருத்துவ இடம் கிடைக்காவிட்டால் உங்கள் மகளின் உயிரியல் ஆர்வமே வீணாகிவிடும் என்று உறவினர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானது. அவர்கள் சொல்வது நியாயமில்லை. நோயாளிகளைக் கவனிப்பதில் அவளுக்கு நாட்டமில்லை, நுண்ணோக்கியின் முன் அமர்ந்தால் எழ மனம் வருவதில்லை என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முடிவெடுக்க வேண்டியது இதைக் கொண்டுதான்.

வழக்கமான படிப்புகளைப் பற்றி உங்களுக்குப் பலரும் சொல்லியிருப்பார்கள். உயிருள்ள செல்களை ஃப்ளோரசன்ஸ் நுண்ணோக்கியால், அதாவது ஒரு நிற ஒளி பட்டு வேறு நிறத்தில் ஒளிரும் பொருள்களைக் காட்டும் நுண்ணோக்கியால், ஆராயும் துறையைப் பற்றிச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஜப்பானிய அறிவியலாளர் ஒசாமு ஷிமோமுரா 1962இல் ஜெல்லிமீனிலிருந்து பிரித்தெடுத்த பச்சை ஒளிர் புரதத்தின் மரபணுவை, நாம் ஆராய விரும்பும் புரதத்தின் மரபணுவோடு இணைத்துவிட்டால், செல் அந்த ஒளிரும் அடையாளத்தைத் தானே உருவாக்கிக்கொள்ளும். நீல ஒளி பட்டதும் அது பச்சையாக ஒளிர்வதால், அந்தப் புரதம் எங்கே, எப்போது நகர்கிறது என்பதைச் செல்லைக் கொல்லாமலே பின்தொடரலாம். பச்சை ஒளிர் புரதம் தொடர்பான பணிக்காக ஷிமோமுராவுக்கும் மார்ட்டின் சால்ஃபிக்கும் ரோஜர் சியெனுக்கும் 2008ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

காட்டிக்கொடுக்கும் அந்த ஒளியே செல்லுக்குத் தீங்கும் செய்கிறது என்பதுதான் இத்துறையின் நிரந்தரச் சிக்கல். ஒளி மிகுந்தால் ஒளிர்வு மங்கும், செல் நலிந்து இயல்புக்கு மாறாக நடந்துகொள்ளும். குறைந்தால் படம் புள்ளி புள்ளியான இரைச்சலில் மூழ்கும். பாலூட்டிகளின் செல்களை 37 டிகிரி செல்சியஸிலும் பொதுவாக 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடிலும் பேணியபடி, எவ்வளவு ஒளி, எத்தனை நொடிக்கு ஒரு படம், நழுவும் குவியத்தை எப்படிப் பிடித்துவைப்பது என்று தீர்மானிக்கத் தெரிந்தவரை ஆய்வகங்கள் நாடுகின்றன. பல்கலைக்கழகங்களின் பொது நுண்ணோக்கி மையங்கள், மருந்து ஆய்வு நிறுவனங்கள், கருவி உற்பத்தியாளர்கள் ஆகிய இடங்களில் இத்தகையவர்களுக்குப் பணியுண்டு. உயிரியலோடு ஒளியியலும், படங்களை அளந்து பகுக்கும் அளவுக்கு நிரல் எழுதுதலும் அவள் கற்க வேண்டும். இரண்டையும் இளநிலைப் பட்டத்திலேயே தொடங்கலாம்.

செலவில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவள் விரும்பாத படிப்புக்காக வீட்டை அடகு வைக்காதீர்கள். கருவியைத் தொடவிடாமல் படங்களை மட்டும் காட்டிச் சான்றிதழ் தரும் குறுகியகாலப் பயிற்சிகளுக்கும் பணம் கட்டாதீர்கள். முனைவர் ஆய்வுக்குப் போனால் உதவித்தொகையோடு மட்டுமே போகட்டும். இந்தப் பாதையில் நிலையான வருமானம் தாமதமாகத்தான் வரும் என்பதை அவளிடம் மறைக்க வேண்டாம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, இளநிலை மாணவர்கள் ஃப்ளோரசன்ஸ் நுண்ணோக்கியைத் தாங்களே இயக்க அனுமதிக்கப்படுகிறார்களா என்று கேளுங்கள். அடுத்த சந்திப்புக்கு மகளைத் தனியாக அனுப்புங்கள். உறவினர்கள் வரத் தேவையில்லை.