திருநெல்வேலியில் இருந்துகொண்டே தனி ஆளாக காமிக்ஸ் வரைய முடியுமா? அந்தத் தனிமையை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

முடியும். பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். கதை, படம், எழுத்து, அச்சு, விற்பனை எல்லாம் நானே. தனிமையைப் பற்றிக் கேட்டால், எந்த வேலைக்கு அது வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பேன்.

கதையை யோசித்து, பக்கத்தைக் குட்டிக் கட்டங்களாகக் கிறுக்கிப் பார்க்கும் நேரத்தில் எனக்கு ஈ, காக்கை ஆகாது. யார் எங்கே நிற்கிறார், வாசகர் கண் அடுத்து எங்கே போகும், பக்கத்தைத் திருப்பியதும் முதலில் என்ன தெரியும், இவ்வளவும் ஒரே நேரத்தில் தலைக்குள் இருந்தாக வேண்டும். அப்போது போய் "ஏலே, கரண்ட் பில் கட்டிட்டியா?" என்று கேட்டால் மொத்தமும் போச்சு. அதனால் அந்த வேலை விடிவதற்கு முன்னால். பென்சில் முடிந்து மை போட ஆரம்பித்துவிட்டால் கைக்குத்தான் வேலை. ரேடியோ பாடலாம், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பஞ்சாயத்தை முழுசாகச் சொல்லி முடிக்கலாம். பலர் எல்லா வேலைக்கும் கதவைச் சாத்திக்கொண்டு, அப்புறம் தனிமை கொல்லுகிறது என்கிறார்கள்.

நிஜமாகவே வாட்டுவது வேறொன்று. ஒரு பக்கத்தை முடிக்க எனக்கு ரெண்டு நாள் ஆகும். வாசகர் அதை அரை நிமிஷத்தில் தாண்டிவிடுவார். அந்த அரை நிமிஷமும் புத்தகம் வந்த பிறகுதான். அதுவரை மாதக்கணக்கில் நல்லது கெட்டது சொல்ல ஆள் கிடையாது. நான் கண்ட வழி, மை போடுவதற்கு முன்பே பென்சில் பக்கங்களை யாரிடமாவது கொடுத்துவிடுவது. எனக்கு அக்கா மகன், எட்டாம் வகுப்புப் படிக்கிறான். நன்றாக இருக்கிறதா என்று அவனிடம் கேட்பதே இல்லை (கேட்டால் "சூப்பர் மாமா" என்று முடித்துவிடுவான்). விரல் வைத்துப் படிக்கச் சொல்லிவிட்டு விரலையே பார்த்துக்கொண்டிருப்பேன். அது சீராகப் போனால் சரி. நின்று, முந்தின கட்டத்துக்குத் திரும்பினால் அங்கே ஏதோ இடிக்கிறது. "மாமா, இந்த ஆளு எப்ப வீட்டுக்குள்ள வந்தான்?" என்று ஒருமுறை கேட்டான். நடுவில் செருப்பைக் கழற்றும் ஒரு கட்டத்தைச் சேர்த்த பிறகு அவன் விரல் அங்கே நிற்கவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் காமிக்ஸுக்குப் பஞ்சமில்லை. கோவில்பட்டியைத் தாண்டினால் சிவகாசி; அங்கிருந்துதான் 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் வந்தன. ஆனால் அவற்றில் வந்தவை பெரும்பாலும் வெளிநாட்டுக் கதைகளின் தமிழாக்கம். எங்களுக்குப் படிக்கும் ருசி வந்தது, பக்கத்தில் உட்கார்ந்து தொழில் பழக ஒரு ஓவியர் கிடைக்கவில்லை. எனக்கு அந்த இடத்தில் இருப்பது கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில். திருச்செந்தூர் ரோட்டில்தான், பஸ்ஸில் போய்விடலாம். இளவரசியைத் தூக்கிக்கொண்டு போகும் குறவன் சிலையில் விலா எலும்பு வரிவரியாகத் தெரியும். பாரம் எந்தக் காலில் இறங்குகிறது, அடுத்த அடி எங்கே விழும் என்று கல்லே சொல்கிறது. ஒரே ஒரு கட்டத்துக்குள் முன்னும் பின்னும் நடந்ததைக் கொண்டுவர வேண்டிய எனக்கு அதைவிட நல்ல வாத்தியார் இல்லை. கூட்டமில்லாத நாளாகப் பார்த்துப் போங்கள்.

வேறு சில தொல்லைகளும் உண்டு. தமிழ் எழுத்து அகலம், சொல்லும் நீளம். படத்தை முடித்துவிட்டு மிச்ச இடத்தில் வசனத்தைத் திணித்தால் ஆள் தலையே மறைந்துவிடும். அதனால் வசனம் எழுதும் பலூனுக்கு இடம் ஒதுக்கிய பிறகுதான் ஆளை வரைவேன். மே மாதம் நிப்பிலேயே மை காய்ந்துவிடும், உள்ளங்கை வியர்வை கோட்டை இழுத்துவிடும். ஃபேனைப் போட்டால் தாள் பறக்கும்.

பணமா? காமிக்ஸ் எனக்குச் சோறு போடவில்லை. கைடுகளுக்குப் படம், கல்யாணப் பத்திரிகைக்கு மாப்பிள்ளை பொண்ணு கார்ட்டூன், இதெல்லாம்தான் வீட்டை ஓட்டுகிறது. அதிலும் ஒரு பதிப்பகம் இன்னும் பாக்கி வைத்திருக்கிறது, அதை விடுங்கள். ஆஃப்செட் அச்சில் நூறு பிரதி போட்டாலும் ஆயிரம் போட்டாலும் பிளேட், அதாவது அச்சுத் தகட்டுச் செலவு ஒன்றுதான். குறைவாகப் போடுவதென்றால் டிஜிட்டல் பிரிண்ட்தான் கட்டுப்படியாகும், ஆனால் பிரதி விலை கூடும்.

உடனே வேலையை விட்டுவிடாதீர்கள். எட்டுப் பக்கத்தில் முடிகிற கதை ஒன்றை எடுங்கள். ரெண்டு ஏ4 தாளில் முன்னும் பின்னும் ஜெராக்ஸ் போட்டு, நடுவில் மடித்து, சென்டர் பின் அடித்தால் புத்தகம். கடைக்கார அண்ணாச்சியிடம் பக்க வரிசையை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: ஒன்றாம் பக்கமும் எட்டாம் பக்கமும் ஒரே தாளில், ஒரே முகத்தில் வர வேண்டும்.