செயின் சா ஒரு பக்கமாக இழுக்கிறதா?

கேள்வி: என்னிடம் 18 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) உள்ள பெட்ரோல் செயின் சா இருக்கிறது. செயினை நானே அரத்தால் தீட்டிய பிறகு வெட்டு நேராக இறங்காமல் வலப்பக்கம் வளைகிறது. சீவலுக்குப் பதில் மாவு மாதிரித் தூள்தான் வருகிறது. பாரும் சூடாகிப் புகைகிறது. புதுச் செயின் மாற்றினால் சரியாகுமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். முதலில் புகையைக் கவனியுங்கள். மெஷினைச் சற்று வேகமாக ஓடவிட்டு, பார் நுனியை ஒரு வெளிர் நிற அட்டைக்கு நேராகக் காட்டுங்கள், அட்டையில் படக் கூடாது. அட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் பாரைக் கழற்றி அதன் எண்ணெய்த் துளையையும் பள்ளத்தையும் மெல்லிய தகடால் சுரண்டுங்கள். எண்ணெயில் ஊறிய தூள் அங்கேதான் கெட்டிப்பட்டு அடைக்கும். எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலை ஊற்றாதீர்கள். அதிலுள்ள இரும்புத் துகளே பாரை அரித்துவிடும்.

கழற்றிய கையோடு பாரைக் கண்ணாடித் தளத்தில் விளிம்பில் நிறுத்திப் பாருங்கள். சாய்ந்தால் ஒரு விளிம்பு கூடுதலாகத் தேய்ந்திருக்கிறது. தட்டை அரத்தால் சமப்படுத்தலாம். பள்ளத்தில் செயின் இருபுறமும் லொடலொடவென ஆடினால் பாரையே மாற்ற வேண்டியதுதான். அந்தப் பாரில் புதுச் செயினும் கோணலாகவே அறுக்கும்.

ஆனால் தீட்டிய பிறகுதான் இழுப்பு தொடங்கியது என்கிறீர்கள். அப்படியானால் என் சந்தேகம் பற்கள் மேல்தான். இடப்பல், வலப்பல் என மாறி மாறி வருவதில் எந்தப் பக்கம் நீளமும் கூரும் கூடுதலோ அந்தப் பக்கம் வெட்டு ஓடும். அரம் பிடிக்கும்போது ஒரு பக்கம் கை வாகாக அமையும், மறுபக்கம் தடுமாறும். வித்தியாசம் அங்கே வருகிறது.

எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, ஸ்பார்க் பிளக் கேப்பைக் கழற்றி, கையுறை போடுங்கள். பற்களின் மேல்தகட்டு (பல்லின் மேற்பகுதி) நீளத்தை வெர்னியரால் அளந்து, மிகக் குட்டையான பல்லைப் பெயின்ட்டால் குறியுங்கள். மற்ற எல்லாப் பற்களையும் அந்த அளவுக்கு இறக்க வேண்டும். 0.325 அங்குல பிட்ச் (கண்ணி இடைவெளி அளவு) கொண்ட செயினுக்கு 4.8 மி.மீ. வட்ட அரம். பொதுவான கோணம் 30 டிகிரி. பல செயின்களில் மேல்தகட்டிலேயே அதற்குக் கோடு இருக்கும். அரத்தின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு மேல்தகட்டுக்கு மேலே தெரிய வேண்டும். உள்ளிருந்து வெளிப்பக்கம் தள்ளுங்கள், திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள்.

பல் குட்டையாகும்போது அதற்கு முன்னால் நிற்கும் மேடான டெப்த் கேஜையும் இறக்க வேண்டும். அது உயர்ந்தே நின்றால் பல் மரத்தைக் கடிக்காமல் சுரண்டும். நீங்கள் பார்க்கும் மாவுக்கு மழுங்கலோடு இதுவும் காரணமாகலாம். பெரும்பாலான செயின்களுக்கு டெப்த் கேஜ் பல்லின் உச்சியைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும்; கேஜ் தகட்டை வைத்துத்தான் அளக்க வேண்டும், கண்மட்டம் உதவாது. அதிகம் இறக்கிவிட்டால் செயின் மரத்தைக் கவ்வி உதைக்கும், திரும்பச் சேர்க்கவும் முடியாது.

பூட்டும்போது பார் நுனியைத் தூக்கிப் பிடித்தபடி நட்டை இறுக்குங்கள். செயின் பாரின் அடியை ஒட்டியிருக்க வேண்டும், கையுறைக் கையால் இழுத்தால் ஓடவும் வேண்டும். சூட்டில் தளர்ந்த செயினை இறுக்கியிருந்தால் வேலை முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். ஆறிச் சுருங்கும்போது அது கிராங்க் ஷாஃப்டையே இழுக்கும்.

மரத்தில் வைக்குமுன் இரண்டு சோதனை. ஆக்சிலரேட்டரை விட்டால் செயின் நிற்க வேண்டும். முழு வேகத்தில், முன் கைப்பிடிக்கு முன்னால் உள்ள காப்பை (செயின் பிரேக்) முன்னே தள்ளினால் அந்த நொடியே நிற்க வேண்டும். அறுக்கும்போது நுனியின் மேல்பாதி எதிலும் படக் கூடாது, மெஷின் முகத்தை நோக்கி எகிறுவது அங்கிருந்துதான். வெட்டு இன்னும் வளைந்தால் மெஷினை முறுக்கி நேராக்கப் பார்க்காதீர்கள், பார் சிக்கிக்கொள்ளும். நிறுத்திவிட்டு மறுபடி வெர்னியரை எடுங்கள்.