மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் மேலாளராக இருந்த அலெக்ஸ் ஃபெர்குசன் இவ்வளவு ஜெயித்ததற்கு அவருடைய கோபம்தான் காரணமா?

இல்லை. கோபம் அவரிடம் நிறையவே இருந்தது, ஆனால் ஜெயிக்க வைத்தது அது இல்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று எங்கள் கரை முழுக்கப் பந்து விளையாடும் ஊர்கள்தான். இங்கே இந்த வாக்குவாதம் ஓயாது. "இப்ப உள்ள கோச்சுக்கெல்லாம் சத்தமே வெளிய வரல்ல. ஃபெர்கி பெக்காம் மூஞ்சியிலயே பூட்ஸ எறிஞ்ச ஆளு" என்று யாராவது ஓர் அண்ணன் ஆரம்பித்துவிடுவார்.

முதலில் அந்தக் கதையைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். 2003 பிப்ரவரியில் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையில் யுனைடெட் ஆர்சனலிடம் 2-0 என்று தோற்ற அன்று, உடை மாற்றும் அறையில் தரையில் கிடந்த பூட்ஸை ஃபெர்குசன் ஆத்திரத்தில் உதைத்தார். அது பறந்துபோய் அவருடைய வீரர் பெக்காமின் புருவத்தைக் கிழித்துவிட்டது. அதே கோடையில் பெக்காம் ரியல் மாட்ரிட் போனார். அடுத்த மூன்று சீசனும் லீக் பட்டம் யுனைடெட்டுக்கு வரவில்லை. அதற்கு முன்பே, 2001இல், யுனைடெட்டின் தடுப்பு வீரர் ஸ்டாம் எழுதிய புத்தகத்தால் எழுந்த சர்ச்சைக்குப் பிறகு அவரை இத்தாலியின் லாசியோ அணிக்கு விற்றார்கள். அந்த விற்பனை தவறு என்று ஃபெர்குசனே பிறகு ஒப்புக்கொண்டார். கோபத்தைக் கொண்டாடுகிறவர்கள் இந்தக் கணக்கைச் சேர்ப்பதே இல்லை.

யுனைடெட்டின் பிரெஞ்சு வீரர் கன்டோனா விஷயத்தைப் பாருங்கள். 1995 ஜனவரியில் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் ஒரு ரசிகரை எட்டி உதைத்தார், செப்டம்பர் முடியும்வரை தடை. அந்தக் கோடையில் இங்கிலாந்தே வேண்டாம் என்று பாரிசுக்குக் கிளம்பிப் போய்விட்டார். ஃபெர்குசன் அவரைத் தேடி பாரிசுக்கே போனார், உட்கார்ந்து பேசினார், திரும்ப அழைத்து வந்தார். அடுத்த சீசனில் லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டும் யுனைடெட்டுக்கு. கோப்பை இறுதியில் லிவர்பூலுக்கு எதிரான ஒரே கோலை அடித்தது கன்டோனாதான்.

ரொனால்டோவின் அப்பா சீரியஸாக இருந்தபோது, "நீ போய் அப்பாவோடு இரு" என்று அனுப்பி வைத்தவரும் இதே மனிதர்தான். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவின் கோவன் பகுதியில் கப்பல் கட்டும் தளத்துத் தொழிலாளியின் மகன் அவர். ஒரு பையன் எந்த வீட்டிலிருந்து மைதானத்துக்கு வருகிறான் என்று பார்க்கத் தெரிந்தவர்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்தில் ஃபெர்குசனின் ஏச்சை மட்டும் படித்துக்கொண்ட கோச்சுகள் உண்டு. ஒரு டூர்ணமெண்டில் ஒரு பையன், இடது கால் ஆட்டக்காரன், நல்ல வேகம், பின்னால் தட்டிய பாஸ் எதிரணிக்குப் போய் கோலாகிவிட்டது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அவன் அம்மாவையும் இழுத்து ஏசினார் கோச். பையன் கோட்டோரமாக உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான், காலுறையை உருட்டி அதற்குள் வைத்தான், வெறுங்காலோடு மணலில் நடந்து போய்விட்டான். அப்புறம் பயிற்சிக்கு வரவே இல்லை. கொச்சியில் மீன்பிடி போட்டில் வேலைக்கு ஏறிவிட்டான் என்றார்கள். அவன் வீடு மைதானத்திலிருந்து கூப்பிடு தூரம். யாரும் போய்க் கூப்பிடவில்லை. இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். என்ற இந்தியன் சூப்பர் லீக் வரை போயிருக்கும் கரையில், அப்படி ஒரு பையனை விட்டுவிட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்னொன்று, பொறுமை. 1986 நவம்பரில் யுனைடெட்டில் சேர்ந்தவருக்கு முதல் கோப்பை 1990இல்தான் கிடைத்தது. நிர்வாகம் காத்திருந்தது. 13 லீக் பட்டங்களும் இரண்டு சாம்பியன்ஸ் லீகும் அதற்கப்புறம் வந்தவை.

எதிர்த்தரப்பு அவரை வெறும் அடாவடிக்காரர் என்கிறது. அதையும் நான் ஏற்கவில்லை. 1983இல், அப்போது அவர் மேலாளராக இருந்த அபர்டீன் அணி ஸ்காட்டிஷ் கோப்பையை ஜெயித்த பிறகும், ஆட்டம் மோசம் என்று டிவியிலேயே தன் ஆட்களை விளாசினார். பிறகு அவர்களிடம் மன்னிப்பும் கேட்டார்.

ராய் கீன் விஷயத்தில் மட்டும் நான் ஃபெர்குசன் பக்கம் நிற்க மாட்டேன். 12 வருஷம் யுனைடெட்டுக்கு ஆடியவர், அதில் எட்டு வருஷம் கேப்டன். 2005இல் கிளப் டிவிக்குக் கொடுத்த பேட்டியில் சக வீரர்களைக் கடுமையாகச் சாடினார் என்று சில வாரங்களில் வெளியே அனுப்பினார்கள். கன்டோனாவுக்காகப் பாரிஸ் வரை போனவர், கீனுக்காகவும் இறங்கி வந்திருக்கலாம்.