பூர்வகுடிகளும் சோலார் கம்பெனிகளும்: கேள்வி பதில்

ஆஸ்திரேலியாவில் காற்றாலை, சோலார் கம்பெனிகள் பூர்வகுடி மக்களோடு கூட்டுச் சேர்வது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். தெரிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: அந்த வறண்ட நிலமெல்லாம் அரசாங்கத்துடையதுதானே? கம்பெனிக்காரன் எதற்கு இவர்களிடம் போய் நிற்கிறான்?

பதில்: 1992 வரை சட்டமும் உங்களைப் போலத்தான் நினைத்துக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரர் வருமுன்பே நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள் என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் ஒப்புக்கொண்டது, டோரஸ் நீரிணையின் மெர் தீவுக்காரர் எடி மாபோவும் உடனிருந்தவர்களும் போட்ட வழக்கில்தான். தீர்ப்பு வந்தபோது மாபோ உயிரோடு இல்லை. சில மாதம் முன்பே போய்விட்டார். 1993-இல் பூர்வீக நில உரிமைச் சட்டம் வந்தது. சோலாருக்கு நீண்ட காலக் குத்தகை வேண்டும். அந்த உரிமை உள்ள இடத்தில், அங்குள்ள மக்களோடு ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்வதுதான் வழக்கமான வழி.

கேள்வி: அண்ணா, கூட்டு என்பதெல்லாம் பேருக்குத்தானா? உருப்படியாக ஒன்று காட்டுங்களேன்.

பதில்: மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் இருக்கும் யிஞ்சிபார்ன்டி என்ற பூர்வகுடி மக்களைப் பாருங்கள். அவர்கள் நிலத்தில் ஃபோர்டெஸ்க்யூ நிறுவனம் அவர்களோடு ஒப்பந்தம் இல்லாமலே இரும்புத் தாது வெட்டியது. வருடக்கணக்கில் கோர்ட் ஏறி, 2017-இல் நிலத்தின் மீது பிரத்யேக உரிமை தங்களுக்கே என்று தீர்ப்பு வாங்கினார்கள். அதே மக்கள் 2023-இல் பிலிப்பைன்ஸின் ஏசென் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்தார்கள். திட்டங்களில் 25 முதல் 50 சதவீதம் வரை பங்கு. எங்கே கட்டுவது என்பதற்கு அவர்கள் சம்மதம் வேண்டும். முதல் கட்டத்துக்கு 750 மெகாவாட், மொத்தத்தில் 3 கிகாவாட் என்று இலக்கு வைத்தார்கள்.

பங்கைவிட அந்த 'எங்கே' என்ற வரிதான் பெரிது என்பேன். தாது இருக்கும் இடத்தில்தான் சுரங்கம் வெட்ட முடியும். பேனலை இருநூறு மீட்டர் தள்ளி வைக்கலாம்.

கேள்வி: பங்குக்குப் பணம்? நிலத்தை அடகு வைத்தா?

பதில்: பூர்வீக உரிமையை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. அதனால் கம்பெனியே அவர்கள் பங்கையும் முதலில் சுமந்து, பிறகு வரும் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அரசு உதவியோடு கடன். எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பணம் யார், எப்போது போடுகிறார் என்று பாருங்கள்.

கேள்வி: அந்த மக்கள் வீட்டுக்குக் கரண்ட் கிடைக்குமா சார்?

பதில்: தானாகக் கிடைக்காது. வடக்குப் பிரதேசத்தின் ஒதுக்குப்புறக் குடியிருப்புகளில் மீட்டர், நம் ப்ரீபெய்டு சிம் மாதிரி. பணம் தீர்ந்தால் ஏசி நிற்கும், ஃப்ரிட்ஜில் இருக்கும் இன்சுலின் கெடும். 28 ஊர்களில் எடுத்த ஆய்வில், 2018-19-இல் 91 சதவீத வீடுகளில் ஒரு தடவையாவது கரண்ட் போயிருந்தது. ஊருக்குக் கரண்ட் வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்க வேண்டும்.

கேள்வி: பெர்த்தில் சோலார் கம்பெனியில் இன்ஜினியர் நான். அடுத்த மாதம் ஒரு பூர்வகுடிக் குழுவோடு முதல் சந்திப்பு. என்ன கொண்டுபோக?

பதில்: முடிவான லேஅவுட்டைக் கொண்டுபோகாதீர்கள். வெறும் மேப் போதும். அவர்கள் வக்கீல் செலவையும் கம்பெனி தரவேண்டியிருக்கும், மேனேஜரிடம் முன்பே பேசிவிடுங்கள். சர்வேக்குப் பெரியவர்களோடு நடந்தே போவீர்கள். நீங்கள் வெறும் கல் என்று தாண்டிப்போவது அவர்கள் பாட்டிமார் விதை அரைத்த கல்லாக இருக்கும். சில இடங்கள் பெண்களுக்கு மட்டும், சில ஆண்களுக்கு மட்டும். காரணம் சொல்ல மாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். மேப்பில் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள்.

"சட்டப்படி அனுமதி இருக்கிறதே" என்று யாராவது ஆரம்பித்தால் ஜூக்கன் பள்ளத்தாக்கை ஞாபகப்படுத்துங்கள். அதே பில்பராவில் 46,000 வருடம் முன்பே மனிதர் புழங்கிய குகையை 2020-இல் ரியோ டின்டோ என்ற சுரங்கக் கம்பெனி அனுமதியோடுதான் வெடி வைத்துத் தகர்த்தது. கம்பெனியின் தலைமை அதிகாரியின் பதவியே போனது.

அப்புறம், ஊரில் ஒரு சாவு விழுந்தால் சந்திப்பு வாரக்கணக்கில் தள்ளிப்போகும். நம் வீட்டிலும் காரியம் முடியாமல் யாரும் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதில்லையே. ஷெட்யூலில் இப்போதே இடம் விட்டு வையுங்கள்.