ஏற்பியும் அப்பாவின் மாத்திரையும்

அன்புள்ள ஐயா,

மருந்துகள் உடலில் எப்படி வேலை செய்கின்றன என்று நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். செல்லின் மேலுள்ள ஏற்பியைப் பூட்டு என்றும் மருந்தைச் சாவி என்றும் அதில் சொல்லியிருந்தீர்கள். நான் அந்தத் துறையில்தான் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இது நான்காவது ஆண்டு. உடலில் எந்த மூலக்கூறு தன்னிடம் வந்து சேர்கிறது என்றே இன்னும் தெரியாத ஓர் ஏற்பி என்னுடையது. அது செல்லுக்குள் எந்தெந்தப் புரதங்களைக் கூப்பிடுகிறது என்று பார்ப்பது என் வேலை.

அப்பாவுக்கு இதயம் பலவீனமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மெட்டோபிரலால் என்ற இதய மாத்திரை சாப்பிடுகிறார். போன முறை வீட்டுக்குப் போனபோது, "நாலு வருஷமா என்னம்மா மருந்து கண்டுபிடிச்சிருக்கே?" என்று கேட்டார். கேலி இல்லை, தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஆய்வகத்தில் மூத்தவர் ஒருவர், "பூட்டோட படம் கம்ப்யூட்டர்லயே கிடைக்குது. இனி சாவி செய்யறதுதான் பாக்கி. நீ ஏன் இதையே கட்டிக்கிட்டு அழறே?" என்கிறார். ஒரே ஓர் ஏற்பியைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருப்பதில் அர்த்தம் உண்டா? அப்பாவிடம் என்னதான் சொல்வது?

ம.

*

அன்புள்ள ம.,

பூட்டு, சாவி என்று எழுதியது என் தவறு. பூட்டு சும்மா கிடக்கும், சாவி வந்தால் திறக்கும். ஏற்பி அப்படிக் கிடப்பதில்லை. செல் சவ்வுக்குள் ஓயாமல் நெளிந்துகொண்டே இருக்கிற புரதம் அது. எந்த மருந்தும் அருகில் இல்லாதபோதே அவ்வப்போது தானாக விழித்து, உள்ளே சிறிதாக ஒரு சமிக்ஞை கொடுத்துவிட்டு அடங்கும். அந்த நெளிவில் ஏதோ ஒரு நிலையைக் கூடுதல் நேரம் நிற்கவைக்கிறது ஒரு மருந்து. அந்த நிலைக்கே போகவிடாமல் பிடித்துவைக்கிறது இன்னொன்று. உங்கள் மூத்தவரின் கேள்வி என்னைப் போன்றவர்கள் பரப்பிய உவமையிலிருந்து வருகிறது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

அட்ரினலினை வாங்கிக்கொள்ளும் பீட்டா-2 ஏற்பியின் கதை உங்களுக்குப் பாடமாகவே தெரிந்திருக்கும். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். துணியில் ஊசி ஏறி இறங்குவதுபோலச் சவ்வை ஏழு முறை ஊடுருவிப் போகும் புரதம் அது. ட்யூக் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லெஃப்கோவிட்ஸின் குழு அதன் மரபணுவை 1986-இல் பிரித்தெடுத்தது. கண்ணில் ஒளியை வாங்கும் ரொடாப்சினும் இதுவும் ஒரே குடும்பம் என்று அப்போதுதான் புரிந்தது. மனித மரபணுத் தொகுதியில் இந்தக் குடும்பத்து உறுப்பினர்கள் ஏறக்குறைய 800 பேர். அவர்களில் பாதிப் பேர் மணம் அறிகிறவர்கள். இன்று புழக்கத்தில் உள்ள மருந்துகளில் சுமார் மூன்றில் ஒன்று இந்தக் குடும்பத்தைத்தான் தொடுகிறது.

அந்தக் குழுவில் இருந்த பிரையன் கோபில்கா பிறகு ஸ்டான்ஃபோர்டில் தன் ஆய்வகத்தை அமைத்து, இதே ஏற்பியின் முப்பரிமாண வடிவத்தைத் தேடினார். அடங்கிக் கிடக்கும் நிலையின் வடிவம் 2007-இல் கிடைத்தது. வேலை செய்யும் நிலை லேசில் சிக்கவில்லை. மருந்தைக் கொடுத்தாலும் ஏற்பி அந்த நிலையில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. லாமா என்னும் ஒட்டக இனத்து விலங்கின் உடல் உருவாக்கும் மிகச்சிறிய எதிர்ப்புரதங்களைக் கொண்டு முட்டுக்கொடுத்துத்தான் அதை நிறுத்த முடிந்தது. 2011-இல் மருந்து வெளியே, ஏற்பி சவ்வில், ஏற்பியின் சமிக்ஞையைச் செல்லுக்குள் எடுத்துச்செல்லும் ஜி புரதம் உள்ளே என்று மூன்றும் ஒன்றாக இருக்கும் வடிவம் வந்தது. மருந்து உட்காரும் குழியில் மாற்றம் கண்ணுக்கே சிக்காத அளவு. உள்முனையில், சவ்வை ஊடுருவும் ஏழு சுருள்களில் ஆறாவது மட்டும் 14 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குதான் ஓர் ஆங்ஸ்ட்ராம்) வெளியே விலகியிருந்தது. வெளியே தொட்டது உள்ளே எப்படிப் போய்ச் சேர்கிறது என்ற கேள்விக்கு முதன்முறையாகக் கண்ணால் காணும் பதில் அது. அடுத்த ஆண்டு இருவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. மரபணுவிலிருந்து இந்த வடிவத்துக்கு 25 ஆண்டுகள், ஒரே ஓர் ஏற்பிக்கு.

கம்ப்யூட்டர் தரும் வடிவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. மிகப் பெரிய உதவி அது. ஆனால் ஓடுகிற காட்சியிலிருந்து வெட்டியெடுத்த ஒற்றைச் சட்டகம்தான். உங்கள் ஏற்பி எந்தச் செல்லில், எவ்வளவு நேரம், யாரோடு சேர்ந்து என்ன செய்கிறது என்பதை அந்தச் சட்டகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

நான் சில ஆண்டுகள் இந்த வேலையில் இருந்தவன். அரெஸ்டின் என்ற புரதத்தோடு ஜெல்லிமீனின் பச்சை ஒளிப்புரதத்தை ஒட்டவைத்து, செல்களை மைக்ரோஸ்கோப்பில் வைத்து முதன்முதலாகப் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. செல் முழுக்க ஒரே சீராகப் பச்சை. நடுவில் கரு மட்டும் இருட்டுக் குழி. பீட்டா ஏற்பியைத் தூண்டும் ஐசோபிரனலின் சில சொட்டு விட்டோம். ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நடுப்பகுதி மங்கத் தொடங்கியது. நான் விளக்குதான் மங்குகிறது என்று நினைத்தேன். மூன்றாவது நிமிடத்தில் பார்த்தால் செல்லின் விளிம்பெல்லாம் பொட்டுப் பொட்டாகப் பச்சை! உள்ளே பரவிக் கிடந்த அரெஸ்டின் அத்தனையும் ஏற்பிகளை நோக்கி ஓடிவந்திருந்தது. 'போதும், நிறுத்து' என்று ஏற்பியை அடக்க வருகிற புரதம் அது. சில ஏற்பிகளோடு விளிம்பில் வந்து தொட்டுவிட்டு விலகிவிடும். வேறு சிலவற்றோடு ஒட்டிக்கொண்டே செல்லுக்குள் போய்விடும். ஏன் இந்த வேறுபாடு என்று ஒரே ஏற்பியோடு பல ஆண்டுகள் பழகியவர்கள்தான் சொன்னார்கள். நீங்கள் செய்வதும் இந்த வேலைதான், இல்லையா?

இதே அரெஸ்டினில் அவசரப்பட்டுச் சூடுபட்ட கதையும் உண்டு. இதே குடும்பத்து ஏற்பி ஒன்றைத் தொடும் மார்ஃபின் வலியையும் அடக்கும், மூச்சையும் அடக்கும். பீட்டா-அரெஸ்டின்-2 என்ற அரெஸ்டின் வகை இல்லாத எலிகளில் வலி அடங்குகிறது, மூச்சு அவ்வளவாகத் தடைபடவில்லை என்று 2005-இல் ஓர் ஆய்வு வந்தது. ஜி புரதத்தை மட்டும் கூப்பிட்டு அரெஸ்டினைக் கூப்பிடாத மருந்து செய்துவிட்டால் ஆபத்தில்லாத வலி மருந்து கைக்கு வந்துவிடும் என்று துறையே நம்பியது. ஒலிசெரிடின் என்ற மருந்து 2020-இல் அமெரிக்காவில் அனுமதியும் பெற்றது. அதற்குள் வேறு ஆய்வகங்கள் அதே எலிச் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தன. மூச்சு தடைபடத்தான் செய்தது. அந்த மருந்தின் நல்ல குணம் ஏற்பியை முழுவேகத்தில் தூண்டாமல் மென்மையாகத் தூண்டுவதிலிருந்து வருகிறது என்ற விளக்கம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனதற்குக் காரணம் சாவி செய்யத் தெரியாததல்ல. ஏற்பியைப் பற்றித் தெரிந்துகொள்ளும் முன்பே தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டதுதான்.

உங்கள் ஏற்பிக்குத் துணை எது என்று தெரியாததில் சோர்வு வேண்டாம். ஒரெக்சின் ஏற்பியும் 1998 வரை அப்படி அநாதையாகக் கிடந்ததுதான். அதைத் தூண்டும் மூலக்கூறைத் தேடிப் போனவர்கள் மூளையில் அதைக் கண்டுபிடித்து, பசியோடு தொடர்புடையது என்று முதலில் நினைத்தார்கள். மறு ஆண்டே, நின்ற இடத்தில் தூங்கி விழும் நாய்களில் அதே குடும்பத்து ஏற்பி பழுதுபட்டிருப்பதை வேறொரு குழு கண்டது. பசியாக இருந்த கதை விழிப்பின் கதையாக மாறியது. அந்த ஏற்பியைத் தடுத்துத் தூக்கம் வரவைக்கும் சுவோரெக்சன்ட் 2014-இல் வந்தது. பதினாறு ஆண்டுகள்.

இனி அப்பாவுக்கு வருகிறேன். அவர் கையில் இருக்கும் மாத்திரையிலிருந்தே தொடங்குங்கள்.

1948-இல் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் என்பவர், அட்ரினலினைப் போன்ற ஆறு பொருள்களைப் பல உறுப்புகளில் சோதித்து, அவற்றின் வலிமை இரண்டே வரிசைகளில் அமைவதைக் கண்டார். ஆகவே ஏற்பி இரண்டு வகை என்றார்: ஆல்ஃபா, பீட்டா. மருந்தியல் இதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது. வேறோர் இதழில் வெளிவந்தும் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் யாரும் சட்டை செய்யவில்லை. மாரடைப்பில் தந்தையை இழந்த ஜேம்ஸ் பிளாக் அதைப் பிடித்துக்கொண்டார். இதயத்துக்கு ஆக்சிஜன் போதவில்லை என்றால் வரத்தைக் கூட்டத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அவர் தேவையைக் குறைக்கலாமே என்று நினைத்தார். பீட்டா ஏற்பியைத் தடுக்கும் புரொப்பிரனலால் 1964-இல் அறிவிக்கப்பட்டது. 1988-இல் அவருக்கு நோபல். உங்கள் அப்பாவின் மெட்டோபிரலாலும் இதே வகைதான்.

உங்கள் அப்பாவுக்கு இருப்பதுபோல இதயம் பலவீனமானவர்களுக்கு மட்டும் அந்த வகை மாத்திரை நீண்ட காலம் விலக்கப்பட்டிருந்தது. ஏற்கெனவே தளர்ந்த இதயம், அதை இன்னும் அடக்குவதா என்று மருத்துவர்கள் பயந்தார்கள். நியாயமான பயம்தான். ஸ்வீடனின் கோத்தன்பர்கில் 1975-இல் ஏழே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து முன்னேற்றம் கண்டதாக எழுதியபோது பலரும் நம்பவில்லை. மாற்று அறுவையில் அகற்றப்பட்ட இதயங்களைச் சோதித்த ஒரு குழு, தோற்றுப்போன இதயத்தில் பீட்டா ஏற்பிகளின் அடர்த்தி ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருப்பதை 1982-இல் காட்டியது. அட்ரினலின் வகைப் பொருள்கள் ஓயாமல் விரட்டியதில், இதயத்தின் செல்கள் தங்கள் ஏற்பிகளையே குறைத்துக்கொண்டிருந்தன. அந்த விரட்டலிலிருந்து இதயத்துக்கு ஓய்வு கொடுப்பதுதான் மருந்தின் வேலை. 1999-இல் வெளியான இரண்டு பெரிய சோதனைகளில், ஒன்று பைசோபிரலாலிலும் மற்றொன்று உங்கள் அப்பாவின் மெட்டோபிரலாலிலும், இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

அப்பாவுக்கு முதலில் மிகச் சிறிய அளவில் தொடங்கி, வாரங்கள் கழித்துக் கழித்து மருத்துவர் அளவைக் கூட்டியிருப்பார். தானாக நிறுத்தாதீர்கள் என்றும் கட்டாயம் சொல்லியிருப்பார். காரணத்தை நீங்கள் சொல்லலாம். மருந்து மறைத்திருக்கும் நாள்களில் இதயத்தின் செல்கள் பழையபடி ஏற்பிகளை மேலே கொண்டுவந்து நிறுத்துகின்றன. மருந்தைத் திடீரென நிறுத்தினால், கூடிப்போன அத்தனை ஏற்பிகள் மேலும் அட்ரினலின் ஒரே நேரத்தில் பாயும். படபடப்பு வரும், சிலருக்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வந்திருக்கின்றன. செல் தன் ஏற்பிகளை எப்போது ஏற்றும், எப்போது இறக்கும் என்று வேறு யாரோ ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்ததால் தெரியவந்தது இது. "அப்பா, நானும் இன்னொரு ஏற்பிக்கு அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்" என்று சொல்லுங்கள். அரெஸ்டின் ஓடிவரும் படம் உங்கள் போனில் இருந்தால் அதையும் காட்டுங்கள், மூன்று நிமிடமும் முழுதாக.